இலை கருகினால் உடனே உரக்கடைக்குப் போகாதீர்கள்: குடில் மலர்களில் உரக் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி

ஆடி மழை கொஞ்சம் ஓய்ந்திருந்த ஒரு காலையில், பக்கத்துத் தோட்டத்து அண்ணாச்சி ஓர் ஆந்தூரியம் இலையைக் கையில் பிடித்தபடி எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். இலையின் விளிம்பு முழுவதும் கருகியிருந்தது. "சத்து போதவில்லை போலிருக்கிறது தம்பி, அதனால் நேற்று உரத்தை இரண்டு பங்காகக் கொடுத்துவிட்டேன்" என்றார். அவர் தொட்டிகளின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்ததை முந்தின வாரமே நான் பார்த்திருந்தேன். சொல்லாமல் விட்டது என் தவறு. அந்த வரிசையில் பாதிச் செடிகள் அந்த மாதத்தைத் தாண்டவில்லை.

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்துக்கு மேலே மலையடிவாரத்தில் நிழல்வலைக்குடில் போட்டு ஆந்தூரியமும் கொஞ்சம் டென்ட்ரோபியம் ஆர்க்கிட்டும் வளர்த்து வருகிறேன். இங்கே நான் பார்த்த வரையில், 'சத்துக் குறைபாடு' என்று இலை காட்டுகிற அடையாளங்களில் பெரும்பாலானவை உரம் போடாததால் வந்தவை அல்ல. போட்ட உரத்தை வேர் எடுக்க முடியாததாலோ, ஒன்றை அளவுக்கு மேல் கொடுத்து இன்னொன்றை மறித்ததாலோ வந்தவை. ஆகையால் கீழே எழுதியிருப்பதில் 'இதை நிறுத்துங்கள்' என்பது 'இதைப் போடுங்கள்' என்பதைவிட அதிகமாக வரும். உரம் விற்பவர்கள் மன்னிக்கவும்.

மூட்டையைத் திறக்கும் முன்

மூன்று கேள்விகளுக்கு விடை தெரியாமல் எதையும் கலக்க வேண்டாம்.

முதலாவது, அடையாளம் மூத்த இலையிலா, இளம் இலையிலா? தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்), மக்னீசியம் நான்கையும் செடி தன் உடம்புக்குள் இடம் மாற்றிக்கொள்ளும். தட்டுப்பாடு வந்தால் கீழே உள்ள மூத்த இலையிலிருந்து உருவி, மேலே விரியும் குருத்துக்குக் கொடுத்துவிடும். அதனால் இவை குறைந்தால் கீழ் இலை முதலில் வாடும். இரும்பும் கால்சியமும் போரானும் அப்படி அல்ல. போய்ச் சேர்ந்த இடத்தில் உட்கார்ந்துவிடும். அவை குறைந்தால் இளம் இலையும் பூவும்தான் முதலில் அழும். இந்த ஒரு பிரிவினையே பாதிச் சந்தேகத்தைத் தீர்த்துவிடும்.

இரண்டாவது, எல்லாச் செடியிலுமா, ஒரு பக்கத்திலா? குடில் முழுவதும் ஒரே மாதிரி இருந்தால் தண்ணீரையோ உரக் கரைசலையோ சந்தேகியுங்கள். ஓர் ஓரத்தில் மட்டும் என்றால் வெயில், காற்று, ஒழுகும் வலை, அடைபட்ட சொட்டுவான். அங்கொன்றும் இங்கொன்றுமாக என்றால் நோய் அல்லது வேர்.

மூன்றாவது, தொட்டியிலிருந்து வடியும் நீரில் என்ன இருக்கிறது? இதற்கு நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் இ.சி. மானியும், அமில காரத் தன்மையைக் காட்டும் பி.எச். மானியும் வேண்டும். இரண்டும் சேர்ந்தாலும் ஒரு மூட்டை நீரில் கரையும் உரத்தின் விலை ஆகாது. வழக்கம்போல் தண்ணீர் விட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுத்து, தொட்டியின் அடியில் ஒரு தட்டை வைத்து, மேலே நூறு மில்லி சுத்தமான மழைநீரை மெதுவாக ஊற்றுங்கள். முதலில் வடியும் ஐம்பது மில்லியைப் பிடித்து அளக்க வேண்டும். ஒரே இடத்துத் தொட்டியை அளந்து ஏமாறாமல் ஐந்தாறு தொட்டிகளில் பாருங்கள். ஆந்தூரியம் உப்பைத் தாங்காத செடி. நான் கொடுக்கும் கரைசலின் இ.சி. 1.0 முதல் 1.2 மில்லி சீமன்ஸ் இருக்கும், வடிநீர் 1.5ஐத் தாண்டினால் அந்த வாரம் உரம் இல்லை, வெறும் தண்ணீர்தான். பி.எச். 5.5க்கும் 6.5க்கும் இடையில் நிற்க வேண்டும்.

அடையாளம்: இலை நுனியும் விளிம்பும் கருகுகின்றன, தொட்டி ஓரத்தில் வெள்ளைப் படிவு

நம் மாவட்டத்தில் அதிகம் வருவது இதுதான். ஆகையால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கருகல் மூத்த இலைகளின் நுனியில் தொடங்கி விளிம்பு வழியாக உள்ளே வரும். கருகிய இடம் காய்ந்து மொறுமொறுவென்று இருக்கும். பச்சைக்கும் கருகலுக்கும் இடையே எல்லை தெளிவாகத் தெரியும். காலையில் தண்ணீர் விட்டும் நடுப்பகலில் செடி வாடினால் சந்தேகம் உறுதியாகிவிடும். வேரைச் சுற்றி உப்பு கூடினால் தண்ணீர் இருந்தும் வேர் அதை இழுக்க முடியாது. ஊறுகாய் ஜாடிக்குள் எலுமிச்சை சுருங்குவதும் இதே காரணத்தால்தான்.

உப்பு வருவதற்கு இங்கே மூன்று வாசல்கள் உண்டு.

ஒன்று, தேங்காய் நார்த்துகள். கதம்பையை, அதாவது தேங்காய் மட்டையை, காயல் ஓரத்து உவர்நீரில் ஊறப்போட்டு நார் எடுக்கும் வழக்கம் நம் கரையோரத்தில் நெடுங்காலமாக உண்டு. அந்தத் துகளில் சோடியமும் குளோரைடும் சாம்பல்சத்தும் ஏறிப் போயிருக்கும். மலிவாகக் கிடைக்கிறது என்று ஒரு லாரி இறக்கி, நேராகத் தொட்டியில் நிரப்பினால் முதல் நாளிலிருந்தே செடி உப்பில் நிற்கிறது. வாங்கும் முன் ஒரு பிடி துகளை அதன் கன அளவில் ஒன்றரைப் பங்கு மழைநீரில் ஊறவைத்துப் பிழிந்து அளந்து பாருங்கள். எனக்கு ஒருமுறை 3க்கு மேல் காட்டியது. லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டேன். விற்றவர் இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

வெறும் நீரில் கழுவினால் தளர்ந்த உப்பு போகும். துகளோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சோடியமும் சாம்பல்சத்தும் போகாது. பத்து லிட்டர் தண்ணீருக்கு நூறு கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்து அதில் ஓர் இரவு முழுவதும் துகளை ஊறவிட்டால், கால்சியம் அந்த இடங்களைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை வெளியே தள்ளும். மறுநாள் நன்றாகக் கழுவி வடித்துவிட வேண்டும். இந்த ஒரு நாள் வேலையைத் தவிர்த்தால், பிறகு வரும் கால்சியம், மக்னீசியம் கோளாறுகளுக்கு ஆண்டு முழுவதும் மருந்து தேடி அலைய வேண்டியிருக்கும்.

இரண்டு, தென்னைக்கும் ரப்பருக்கும் வாங்கிய உரம். வீட்டில் பாதி மூட்டை சிவப்புப் பொட்டாஷ் மீதி இருக்கும். பூவுக்கும் சாம்பல்சத்து வேண்டும்தானே என்று ஒரு பிடி போடத் தோன்றும். அது மியூரியேட் ஆஃப் பொட்டாஷ், அதாவது பொட்டாசியம் குளோரைடு. எடையில் ஏறக்குறைய பாதி குளோரைடு. தென்னை குளோரைடை விரும்பும் மரம், அதற்கு நல்லது. ஆந்தூரியத்துக்கு விஷம். பூச்செடிக்குச் சாம்பல்சத்து தர பொட்டாசியம் நைட்ரேட் (13:0:45) அல்லது பொட்டாசியம் சல்பேட் (0:0:50) மட்டுமே. இந்த எண்கள் வரிசையாகத் தழை, மணி, சாம்பல்சத்தின் சதவீதம். இதே போல 17:17:17 குருணையை 19:19:19க்குப் பதிலாகக் கரைப்பவர்களும் உண்டு. எண்கள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் வரும் மயக்கம். முதலாவது வயலுக்கான காம்ப்ளக்ஸ். முழுவதும் கரையாது, சொட்டுநீர்க் குழாயில் மணலாக உட்காரும். இரண்டாவதுதான் நீரில் முழுக்கக் கரைவது.

மூன்று, கிணறு. பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கத்து ஓடைநீரில் உப்பு மிகக் குறைவு. அதில் எவ்வளவு உரம் கலந்தாலும் கணக்கு நம் கையில் இருக்கும். கடற்கரை ஊர்களில் கோடை முற்றியதும் கிணற்று நீர் உப்புக் கரிக்கத் தொடங்கும். கிணற்று நீரே 0.8 இருந்தால், 1.2 வரம்புக்குள் உரத்துக்கு மிஞ்சுவது 0.4 மட்டுமே. அந்த இடத்தில் குடில் போடுபவர் கூரைநீர்த் தொட்டிக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க வேண்டும். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டத்தில் மழைநீருக்கு என்ன பஞ்சம்?

தீர்வு: உரத்தை நிறுத்துங்கள். தொட்டியின் கொள்ளளவில் இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை, ஒரே மூச்சில் ஊற்றாமல், அரை மணி இடைவெளி விட்டு இரண்டு மூன்று தவணையாக ஊற்றி வடியவிடுங்கள். ஐந்து லிட்டர் தொட்டி என்றால் பத்து லிட்டர். மறுநாள் வடிநீரை அளந்து, 1க்குக் கீழே வந்திருந்தால் பாதி அளவு உரத்தோடு மீண்டும் தொடங்கலாம். கருகிய விளிம்பு திரும்பப் பச்சையாகாது. அடுத்து விரியும் இலை சுத்தமாக வருகிறதா என்பதை வைத்துத்தான் பலனைச் சொல்ல வேண்டும். ஆந்தூரியத்தில் ஓர் இலை வந்து முதிர வாரக்கணக்கில் ஆகும். பொறுமை இல்லாதவர்கள் நடுவில் வேறு எதையாவது தெளித்துக் கணக்கைக் குழப்பிவிடுவார்கள்.

கருகல் போலவே இருக்கும், ஆனால் உரம் அல்ல

விளிம்பிலிருந்து 'வி' வடிவில் உள்ளே குத்தி இறங்கும் பழுப்பு, அதைச் சுற்றி பளீரென்ற மஞ்சள் வளையம், இலையின் அடிப்பக்கத்தில் நீர் கோத்தது போன்ற சிறு புள்ளிகள்: இவை தெரிந்தால் மானியை ஓரமாக வையுங்கள். இது பாக்டீரியா கருகல், சாந்தோமோனாஸ் செய்யும் வேலை. உப்புக் கருகலில் மஞ்சள் வளையமும் நீர்கோத்த புள்ளியும் இருக்காது. நோய் செடிக்குள் பரவிவிட்டால் மூத்த இலைகள் மஞ்சளாகி, காம்பு தொட்டதும் கழன்று வரும். அந்தச் செடிக்கு மருந்து தேடாமல் தொட்டியோடு அகற்றி எரித்துவிடுங்கள். பூ வெட்டும் கத்தியை ஒவ்வொரு செடிக்கும் கிருமிநாசினியில் முக்க வேண்டும். ஒரு கத்தியே ஒரு குடிலை முடித்துவிடும்.

உரத்துக்கு இதில் ஒரு பங்கு உண்டு. அம்மோனியம் வடிவில் தழைச்சத்து அதிகமாகக் கொடுத்த செடியில் இந்த நோய் வேகமாக ஏறும். அதிகாலையில் இலை விளிம்பில் முத்து முத்தாக நிற்கும் துளியைப் பார்த்திருப்பீர்கள். அது பனி அல்ல, இலை தானே கசியவிடும் நீர். அளவுக்கு மிஞ்சிய அம்மோனியம் அந்தத் துளியில் அமினோ அமிலங்களைக் கூட்டுகிறது. பாக்டீரியாவுக்கு வாசலிலேயே விருந்து. மழைமாதங்களில் அம்மோனியம் சல்பேட்டையும் யூரியாவையும் குடிலுக்குள் நான் விடுவதே இல்லை.

அடையாளம்: பூமடலின் காதுகளில் நிறம் வெளுத்து, பிறகு பழுப்பாகிறது

ஆந்தூரியத்தில் பூ என்று நாம் பார்க்கும் சிவப்பு மடல் விரிந்து மினுங்கிக்கொண்டிருக்கும். காம்பு சேரும் இடத்தில் இதயம் போல இரண்டு காதுகள் உண்டே, அங்கே மட்டும் நிறம் கலங்கிய திட்டுகள் வரும். இரண்டு மூன்று நாளில் அவை பழுப்பாகிக் காய்ந்துவிடும். இலையில் ஒரு குறையும் தெரியாது. பூவை வாங்குபவர் மட்டும் தள்ளிவிடுவார். பூச்சி, பூசணம், வெயில் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். 1980இல் ஹவாயில் ஆய்வு செய்தவர்கள் இதற்குக் காரணம் கால்சியம் பற்றாக்குறை என்று காட்டினார்கள்.

இங்கேதான் நம் ஊர்க் காற்று குறுக்கே வருகிறது. கால்சியம் செடிக்குள் நீரோட்டத்தோடு மட்டுமே மேலே ஏறும். இலையும் பூவும் நீரை ஆவியாக்கினால்தான் அந்த ஓட்டம் நடக்கும். ஆனி ஆடியிலும் ஐப்பசி கார்த்திகையிலும் மலையடிவாரத்தில் நாள் கணக்கில் ஈரம் குறையாது, சுவரே வியர்க்கும். தொட்டியில் கால்சியம் தேவையான அளவு இருந்தும் பூவுக்குப் போய்ச் சேராது. பூ ஆவியாதல் குறைந்த உறுப்பு என்பதால், இலை பிடித்துக்கொண்டு மீதியைத்தான் அதற்கு விடும். ஆகையால் மழைக்காலத்தில் கால்சியம் நைட்ரேட்டை இரட்டிப்பதில் பயன் இல்லை. தொட்டிகளை இடம்விட்டு வையுங்கள், பக்கவலையைத் தூக்கிக் காற்று ஓடவிடுங்கள், மாலை நான்கு மணிக்குப் பிறகு தண்ணீர் தெளிக்காதீர்கள்.

வெயில்மாதங்களிலும் அதே திட்டு வந்தால் உரத்தைப் பாருங்கள். பொட்டாசியமும் அம்மோனியமும் கால்சியத்தை வேரிலேயே மறிக்கும். பூ வேண்டும் என்ற ஆசையில் 13:0:45ஐ வாரம் இருமுறை ஊற்றுபவர்களிடம் இந்தத் திட்டு தவறாமல் வரும். அதைக் குறைத்து, லிட்டருக்கு அரை கிராம் கால்சியம் நைட்ரேட் போதும். அதில் தழைச்சத்து 77 பி.பி.எம். (லிட்டருக்கு 77 மில்லிகிராம்), கால்சியம் 94 பி.பி.எம். அளவு கிடைக்கும். பூமடல் மேல் கால்சியத்தைத் தெளிக்க வேண்டாம்; துளி காய்ந்த இடமெல்லாம் கறை நிற்கும்.

அடையாளம்: கீழ் இலைகள் நரம்புக்கிடையில் மஞ்சள்

நரம்புகள் பச்சை, நடுவே மஞ்சள், இலையின் அடியில் காம்பை ஒட்டி மட்டும் பச்சை முக்கோணம் மிஞ்சியிருக்கும். மக்னீசியம். நம் மேற்குப் பகுதியின் செம்புறை மண் அமிலத்தன்மை உடையது. பெருமழை அதிலிருந்து மக்னீசியத்தைக் கழுவிக்கொண்டு போய்விடும். நார்த்துகளிலோ சாம்பல்சத்து அதிகமாகி மக்னீசியத்தை மறிக்கும். இரண்டு வழியிலும் நாம் மாட்டுவோம். லிட்டருக்கு இரண்டு கிராம் மக்னீசியம் சல்பேட் தெளித்து, பதினைந்து நாள் கழித்து இன்னொரு முறை. வழக்கமான கரைசலில் லிட்டருக்கு 0.3 கிராம் தொடர்ந்து இருந்தால் திரும்ப வராது.

அடையாளம்: இளம் இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சை

படம் மேலே சொன்னதேதான், இலைதான் வேறு. இது இரும்பு. ஆனால் இரும்பைப் போடும் முன் செடியைத் தொட்டியிலிருந்து உருவி வேரைப் பாருங்கள். நல்ல வேர் தடித்து வெண்மையாக, நுனி பசுமையாக இருக்கும். பழுப்பான வேரை விரலால் இழுத்தால் தோல் உரிந்து நடுவே நூல் மட்டும் மிஞ்சுகிறதா? அது அழுகல். துகள் பழசாகி, மாவாகி, நீர் கோத்துக்கொண்டது என்று பொருள். அந்த வேருக்கு இரும்பைக் கொடுத்து என்ன பயன்? ஓட்டுத் துண்டும் கரித்துண்டும் கலந்து தொட்டியை மாற்றுங்கள்.

வேர் நன்றாக இருந்து வடிநீரின் பி.எச். 6.5க்கு மேல் போயிருந்தால், இரும்பு இருந்தும் கரையாமல் கிடக்கிறது. தோவாளை, ஆரல்வாய்மொழி பக்கம் மழை குறைவு, நிலம் வேறு. எனக்குத் தெரிந்த சில ஆழ்துளைக் கிணறுகளின் நீரைக் கொதிக்கவைத்தால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். அந்த நீரில் உள்ள பைகார்பனேட் தினமும் தொட்டியின் பி.எச்.ஐ உயர்த்திக்கொண்டே போகும். அங்கே ஜெர்பரா வைத்த உறவினர் ஒருவர் மூன்று முறை அன்னபேதி (இரும்பு சல்பேட்) ஊற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டார். அந்த நீரில் அன்னபேதி துருவாகித் தொட்டியின் மேலேயே படிந்திருந்தது, இலைக்கு ஒன்றும் போகவில்லை. ஜெர்பரா இரும்புக்கு முதலில் ஏங்கும் செடி என்பதும் சேர்ந்துகொண்டது. நீரின் காரத்தைப் பாஸ்பாரிக் அமிலத்தால் அளந்து குறைத்த பிறகுதான் புதுக் குருத்து பச்சை பிடித்தது.

இரும்பைப் படியவிடாமல் கரைந்த நிலையிலேயே பிடித்து வைக்கும் கீலேட் இரும்பு வாங்கும்போது மூட்டையில் எந்த வகை என்று பாருங்கள். இ.டி.டி.ஏ. வகை பி.எச். 6.5 வரைதான் இரும்பைப் பிடித்து வைத்திருக்கும். டி.டி.பி.ஏ. 7 வரை தாங்கும். அதற்கு மேல் போனால் இ.டி.டி.எச்.ஏ.; கரைத்தால் திராட்சை ரசம் போல் சிவக்கும். விலை கூடுதல்தான், ஆனால் வேலை செய்யாத மலிவு உரம் அதைவிடச் செலவு.

அடையாளம்: இலை முழுவதும் ஒரே சீராக வெளிர்கிறது

கீழ் இலையில் தொடங்கினால் தழைச்சத்து. மேலே பாலித்தீன் இல்லாத நிழல்வலைக்குடிலில் ஒரு வாரம் அடைமழை பெய்தால், நைட்ரேட்டும் சாம்பல்சத்தும் வடிந்து போய்விடும். வடிநீர் இ.சி. 0.3, 0.4 என்று காட்டினால் இந்த ஒரு முறை உரம் போடத்தான் வேண்டும்: லிட்டருக்கு அரை கிராம் 19:19:19, அதில் தழைச்சத்து 95 பி.பி.எம். மழைக்காலத்தில் மெதுவாகக் கரையும் பூச்சு உரக் குருணையைத் தொட்டியில் வைப்பது இன்னும் புத்திசாலித்தனம்.

மேல் இலைகள் வெளுத்து, இன்னோர் இலையின் நிழல் விழுந்த இடம் மட்டும் பச்சையாக இருந்தால் அது வெயில். மாசி பங்குனியில் 75 சதவீத நிழல் ஆந்தூரியத்துக்கு வேண்டும். வலை எங்கோ கிழிந்திருக்கும்; அண்ணாந்து பாருங்கள்.

அடையாளம்: இலை செழிப்பு, பூ இல்லை

ஆந்தூரியத்தில் ஒவ்வோர் இலையின் கக்கத்திலும் ஒரு பூ. நன்றாக நடந்தால் ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு. இலை கரும்பச்சையாகப் பெருத்து, காம்பு தொய்ந்து, பூ மொட்டிலேயே நின்றால் தழைச்சத்து மிகுதி அல்லது இருட்டு. 'பூக்க வைக்கும் உரம்' என்று 0:52:34 வாங்கி ஊற்றுகிறார்கள். மணிச்சத்தைக் கூட்டினால் பூ கூடாது. இரும்பும் துத்தநாகமும்தான் மறிபடும். தழைச்சத்தைப் பாதியாக்கி, வலைமேல் சாய்ந்திருக்கும் ரப்பர் கிளையை வெட்டிவிட்டு ஒரு பருவம் காத்திருங்கள். ஆர்க்கிட்டிலும் கதை இதுவே, ஆனால் அதற்குக் கரைசல் இன்னும் நீர்த்ததாக இருக்க வேண்டும்.

அடையாளம்: சொட்டுவான் அடைப்பு, தொட்டியடியில் சுண்ணாம்புச் சேறு

கால்சியம் நைட்ரேட்டையும் மக்னீசியம் சல்பேட்டையும் ஒரே அடர் கரைசலில் கலந்திருக்கிறீர்கள். கால்சியமும் சல்பேட்டும் சேர்ந்தால் ஜிப்சம். ஒரு லிட்டர் தண்ணீரில் அது இரண்டரை கிராம்கூடக் கரையாது. பாஸ்பேட்டோடு சேர்ந்தால் இன்னும் மோசம். உரத்துக்குக் கொடுத்த காசு சேறாகி அடியில் கிடக்கும், செடிக்குக் கால்சியமும் இல்லை, மணிச்சத்தும் இல்லை. இரண்டு பீப்பாய் வையுங்கள். ஒன்றில் கால்சியம் நைட்ரேட்டும் இரும்புக் கீலேட்டும் மட்டும். மற்றதில் சல்பேட்டுகள், பாஸ்பேட்டுகள், மீதி நுண்சத்துகள். பொட்டாசியம் நைட்ரேட் எதிலும் போகலாம். நூறு மடங்கு நீர்த்த பிறகு இரண்டும் சந்தித்தால் ஒன்றும் ஆகாது. புதிய உரம் எதையும் பீப்பாயில் போடும் முன் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் சிட்டிகை அளவு கலந்து பத்து நிமிடம் பாருங்கள். பால் போல் கலங்கினால் வேண்டாம்.

அடைபட்ட குழாயை நீர்த்த அமிலத்தால் கழுவலாம். அமிலத்தைத் தண்ணீரில் ஊற்றுங்கள், தண்ணீரை அமிலத்தில் ஊற்றாதீர்கள்; கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் வேண்டவே வேண்டாம்.

உரப்பையில் எழுதியிராத இரண்டு

மழைக்கு முன்னால் ரப்பர் தோட்டங்களில் இலையுதிர் நோய்க்குச் செம்பு மருந்து அடிப்பார்கள். கமுகுக்குப் போர்டோ கலவை, அதுவும் செம்பு மருந்துதான். அந்தச் சாரல் காற்றில் வந்து ஆந்தூரியத்தில் விழுந்தால் இலையில் பழுப்புப் புள்ளிகளும் புதிய இலையில் கோணலும் வரும். செம்பு ஆந்தூரியத்துக்கு ஆகாது. பக்கத்துத் தோட்டக்காரரிடம் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு அன்று பக்கவலையை இறக்குங்கள்.

இன்னொன்று, துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்ச் சட்டம். விடியலில் அதிலிருந்து சொட்டும் நீர் சரியாக ஒரு வரிசைச் செடியின் தலையில் விழும். அந்த ஒரு வரிசை மட்டும் வெளுத்துக் குறுகி நிற்பதற்குக் காரணம் தேடி நான் இரண்டு மாதம் வீணாக்கினேன். குழாய்க்குப் பெயின்ட் அடித்ததும் தீர்ந்தது.

இவை எதிலும் அடங்காத அடையாளம் என்றால் இலை, துகள், தண்ணீர் மூன்றையும் தனித்தனிப் பையில் எடுத்துக்கொண்டு பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துக்கோ திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ போங்கள். கைப்பேசியில் எடுத்த படம் போதாது.

அடையாளம்: குடிலில் நன்றாக இருந்த பூ, வாங்கியவர் வீட்டில் நான்காம் நாள் வாடுகிறது

தோவாளைச் சந்தையில் பிச்சியும் மல்லியும் கிரேந்தியும் அன்றே விற்று அன்றே கோர்க்கப்படும் பூக்கள். ஆந்தூரியம் அப்படி அல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் குவளையில் நிற்கும் என்ற நம்பிக்கையில்தான் கல்யாண மேடைக்கும் தேவாலயத்துக்கும் வாங்குகிறார்கள். நான்கு நாளில் வாடினால் அடுத்த கிறிஸ்துமஸுக்கு உங்களைக் கூப்பிட மாட்டார்கள். கடைசி மாதத்தில் தழைச்சத்து மிகுந்து காம்பு கொழகொழத்திருந்தால் இப்படி ஆகும். கால்சியம் குறைந்தாலும் ஆகும். ஆனால் உரத்தைக் குறை சொல்லும் முன் வெட்டிய நாளைப் பாருங்கள். நடுவில் நிற்கும் திரியில் பாதி முதல் முக்கால் வரை நிறம் மாறியிருக்க வேண்டும். ஓணத்துக்கு லாரி வருகிறது என்று திரி முழுவதும் மினுமினுப்பாக இருக்கும்போதே வெட்டினால் எந்த உரமும் அந்தப் பூவைக் காப்பாற்றாது.